மெகா பிளாக்

பத்து மணிக்கு மேல் யாதவ் வண்டியில் சக்கை சும்மா.
மூன்று முறை பிழிந்தது; நடுவே
எலுமிச்சைத் தோல், இஞ்சி, ஒருநாள் ஒரு சாவி.

அலசு. ஈ விலகும்வரை அலசு.
காஸ்டிக் சோடாவில் நாலு மணி நேரக் கொதி.
பழைய வாஷிங் மெஷின்தான் கூழரைக்கும்,
வாழைநார் போட்டால் மட்டும் முனகும்.

மாஹிமில் தண்டவாளத்தோரமா வீடு பிடிப்பாய்
என்று எழுதியிருக்கிறாள் பேச்சித்தாய்.
அவளுக்கென்ன தெரியும்,
சல்லடையைக் கூழில் முக்கித் தூக்குகையில்
ஃபாஸ்ட் லோக்கல் ஒன்று கடக்கும்,
சுவரோடு சல்லடையும் நடுங்கும்,
நார்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து அமரும்.
என் கைக்கு அந்தக் குலுக்கல் வராது.

ஞாயிறு ரயிலில்லை.
அன்றைய தாள்கள் ஒரு பக்கம் தடிப்பு,
மறுபக்கம் விளக்கு தெரியும்.
எவனும் வாங்கமாட்டான்.

அதில்தான் அவளுக்குப் பதில் எழுதினேன்.
‘சௌக்கியம்’ என்ற இடத்தில்
பேனா துளைத்துவிட்டது.