இறங்குமிடம்

வல்பரைசோவில் எதற்கும் கீழே இறங்கியாக வேண்டும்.
மீன் வாங்க, கையெழுத்துப் போட, கடன் கேட்க.
குன்றிலிருந்து விஞ்ச் ஒன்று
தகரப் பெட்டியாய்க் கடலோரத் தெருவுக்குச் சரிகிறது.
அதை இயக்குகிறவள் இஸ்மேனியா.
அவளிடம் சொல்ல
மூன்று மாதமாய் எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

என் மேசையில் வரிக்குதிரை மீனின் முட்டைகள்.
கண்ணாடிதான் அவை, ஒளிக்க ஒன்றுமில்லை.
இருபத்து நாலாம் மணியில்
மூளையாகப் போகிற குழாய் தெரியும்.
அதன் சுவரில் ஒவ்வொரு செல்லும்
தன் உட்கருவை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறது.
நடுவழியில் பிரிவதில்லை.
உள்ளே நீர் தேங்கிய கரைவரை இறங்கி வந்து
அங்கேதான் இரண்டாகும்.
பிறகு ஏறும்.

இரண்டாகும் நிமிடத்தில் செல்லுக்குள் ஒரு தக்களி.
நேராக நின்றால் இரண்டு தாய்ச் செல்கள்.
சாய்ந்தால்
ஒன்று தாயாகத் தங்கும்,
மற்றது நரம்பாகிக் கிளம்பும். இனி அது பிரியாது,
இறங்கியும் வராது.
சாய்வதும் வேண்டியதுதான். ஆனால் முதலில் தாய்கள் பெருக வேண்டும்.
அதுவரை தக்களியை நிமிர்த்திப் பிடிக்க
ஒரு மரபணு.
அதன் பிடி தளர்ந்தால்
விதைநெல்லைக் குத்திப் பொங்கிய வீடு.

அவள் மகன் நாவெலுக்கு நான்கு வயது.
தலைச் சுற்றளவு நாற்பத்து மூன்று சென்டிமீட்டர்.

கம்பி, சக்கரம், எதிரெடை என்று
அவள் பாஷையிலேயே ஆரம்பித்தேன்.
கையமர்த்தினாள்.

"ஐந்தாம் மாதம் நிலம் ஆடியது.
படிக்கட்டில் ஓடினேன். நூற்றுப் பதினாறு படி.
அதனாலா?"

இல்லை.

"அன்றிரவு அவன் அப்பாவோடு போட்ட சண்டை?"

இல்லை. அதற்கெல்லாம் முன்பே.
உன்னிடம் ஒரு எழுத்து மாறியிருந்தது, அவனிடமும் அதே எழுத்து.
ஒற்றையாய் இருந்தவரை
இருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை.

அவள் பிரேக் பிடியைத் துணியால் துடைத்தாள்.
துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.
"அப்போது அது வெறும் படிக்கட்டுதான்,"
என்றாள், என்னிடம் இல்லை.

மருந்து உண்டா என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
நான் மீன்களைப் பற்றிப் பேசியிருப்பேன்.

கீழிருந்து யாரோ மணியடித்தார்கள்.
பெட்டி ஒரு குலுக்கலோடு நகர்ந்தது.
ஒவ்வொரு தடவையும் அந்தக் குலுக்கலுக்கு
நாவெல் புதிதாகச் சிரிக்கிறான்.
பாதி வழியில்
எதிர்ப்பெட்டி எங்களைத் தாண்டி ஏறியது.
உள்ளே யாருமில்லை.
அதற்கும் கையசைத்தான்.