முப்பத்தெட்டு சும்மா இருந்தது

ஆனி மாதம் ராதாபுரத்தில் கதவைத் திறந்தால்
கதவு கையோடு வந்துவிடும்.
அப்படியான ராத்திரி. கட்டுப்பாட்டு அறையில்
நானும் அறுபத்திரண்டு காற்றாலைகளும்.
திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சதுரம்,
சதுரத்துக்குள் ஒரு நிறம்.
நாற்பத்தொன்று மட்டும் சிவந்து சிவந்து அணைகிறது:
கியர்பாக்ஸ் அதிர்வு, எல்லை மீறியது.

நாகர்கோவிலிலிருந்து மேனேஜர் போனில்:
"என்ன அணைஞ்சபெருமாளு, இன்னைக்கும் அதானா?
எல்லைய ஒரு பாயிண்ட் ஏத்தி வையும்வே.
ஆனி ஆடில ஓடாத மிஷின
ஐப்பசில ஓட்டியா வட்டி கட்டப் போறோம்?"
ஏற்றி வைத்தேன்.
ஒரு எண்ணை அழித்து இன்னொரு எண்.
சிவப்பு பச்சையானது.
பேரிங்குக்கு இது தெரியாது.

காற்று சற்றே தணிந்த ஐந்தரை மணிக்கு
திரவியத்தைக் கூட்டிக்கொண்டு ஏறினேன்.
எண்பது மீட்டர். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம்.
இடுப்புக் கொக்கி ஒவ்வொரு படியிலும் டக்கென்று
நான் இன்னும் இருப்பதை எனக்குச் சொன்னது.
மேல்மூடியைத் தள்ளினால் மேற்கே மகேந்திரகிரி,
தலையில் துண்டு கட்டியதுபோல் மேகம்.
திரவியம் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்தான்.
"ஏல, பேரிங் கல்லு மாதிரி கெடக்கு.
ஆடுறது ஒன் சென்சாருல்லா."
ஒரு போல்ட். கால் சுற்று.
இறுக்கியதும் நாற்பத்தொன்று அடங்கியது.
எட்டு நாளாய்க் காய்ச்சல் காய்ச்சல் என்று கத்தியது
தெர்மாமீட்டரின் சொந்த நடுக்கம்.

சிரித்துக்கொண்டேதான் இறங்கினோம்.
பழைய எல்லையைத் திரும்ப வைக்க
எல்லா மிஷினின் கணக்கையும் விரித்தேன்.
முப்பத்தெட்டில் கை நின்றது.
இரண்டு புள்ளி ஒன்று ஒன்று நான்கு.
முந்தாநாளும் அதுவே.
காற்று நொடிக்கு இருபது மீட்டர் அடித்த செவ்வாயிலும்,
கரண்ட் போய் மிஷினே நின்றிருந்த
வியாழன் மதியத்திலும்
இரண்டு புள்ளி ஒன்று ஒன்று நான்கு.

நிற்கிற மிஷின் எப்படி அதிரும்?

ஓடுகிற எதுவும் கொஞ்சம் ஏறும், இறங்கும்.
இது ஸ்கேல் வைத்துக் கிழித்த கோடு.
உள்ளே எங்கோ ஒரு வயர் செத்து,
கடைசியாகச் சொன்னதையே
பதினொரு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
பச்சையில். எனக்கு நேர் எதிரே.

யாரையும் கேட்காமல் நிறுத்தினேன்.
இரண்டாம் ஏற்றத்தில் கால் பின்னியது.
வடிகட்டியைக் கழற்றியதும் திரவியம் வாயைத் திறக்கவில்லை.
கறுத்த எண்ணெயில் பொன்னாக மினுங்கியது
பேரிங் கூட்டின் பித்தளை.
விரலில் எடுத்து என் சட்டையில் தேய்த்தான்.
அது வண்ணானுக்குப் போகாது, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மேனேஜர் கேட்டார்:
"பதினொரு நாளா அங்கன என்னத்தவே பாத்துக்கிட்டு இருந்தீரு?"
பச்சையை.
அதைச் சொல்லவில்லை.
"சென்சார் போயிருந்துச்சு சார்" என்றேன்.
அதுவும் பொய்யில்லை.

கிரேன்காரர் டவுனில் தேரோட்டத்துக்குப் போயிருக்கிறார்,
நாளை மறுநாள்தான் வருவாராம்.
அதுவரை சும்மா இருப்பானேன் என்று
அட்டவணையில் ஒரு பத்தி சேர்த்தேன்:
மாறாமல் இருப்பவை.
முதல் நாளே மூன்று விழுந்தன.
ஒன்றில் எலி கடித்த வயர்.
மற்ற இரண்டையும் இன்னும் ஏறிப் பார்க்கவில்லை.

வாசலில் நின்றால் தெரிகிறது முப்பத்தெட்டு,
சாமி இறங்கிப்போன கோமரத்தாடி மாதிரி
இறகுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.
காற்று அதற்காக நிற்கவில்லை.
அதன் கைகளுக்கு நடுவே நுழைந்து,
முருங்கைத் தோட்டங்களை ஒரு உலுக்கு உலுக்கி,
எந்த மீட்டரிலும் ஏறாமல்
கடலுக்குப் போகிறது.