ஆனதும் அதன்மேல் எட்டும்

கல்கசூ ஏரிக்கு மேற்கே, சதுப்பில்,
சக்கரம் கழற்றி நிறுத்திய டிரெய்லருக்குள்
பகல் முழுக்க இருட்டு.
அங்கேதான் எனக்கு வேலை.
குழாய்களின் எக்ஸ்ரே படங்களை
விளக்குப் பெட்டியில் ஒவ்வொன்றாய்ப் பொருத்தி
இரண்டு இரும்புகள் சேர்ந்தனவா,
சேர்ந்ததுபோல் இருக்கின்றனவா
என்று பார்க்க வேண்டும்.

வெளியே, தரைக்கு அரை மைல் கீழே,
உப்பைக் கரைத்துக் குடைந்த குகைகளில்
அரசாங்கத்தின் எண்ணெய்.
போர் வந்தால் ஆகுமென்று பதுக்கியது.
அது போகவும் வரவும் குழாய் போடுகிற குத்தகை
எங்கள் கம்பெனிக்கு.

'எங்கள்' என்றால் சிரிப்பான் என் தம்பி ஆல்சீட்.
புயலுக்கு மறுவாரம்
எங்கள் கூரையில் ஆணியடித்த நீலத் தார்ப்பாயில்
இதே முத்திரை இருந்தது.
பிறகு கொடுத்த தற்காலிக வீட்டுக் கதவிலும்.
கதவு சாத்தவில்லை என்று போன் செய்தால்
டெக்சாஸில் ஒரு பெண் எடுத்து
கோரிக்கை எண் கேட்டாள்.
பாலைவனத்தில் சிப்பாய்களுக்குச் சோறாக்குவது,
பனிக்காட்டில் காற்றாலை நடுவது,
ஏதோ ஒரு மாநிலத்தில் சிறைக்கு மதில் எழுப்புவது,
எல்லாம் இவர்கள்தான்.
கல்லறைக்கும் கல்யாண மண்டபத்துக்கும்
ஒரே கொத்தன், என்பான்.

இருநூற்றுப் பதினேழாம் பற்றவைப்பு
க்ளோவிஸ் லெஜூன் போட்டது.
பெயரைப் பார்க்க வேண்டியதில்லை.
இடக்கைக்காரர்.
அவர் உருக்கிய வரி
படத்தில் கொஞ்சம் இடம் சாய்ந்து ஓடும்.
வெள்ளிக்கிழமைகளில் பனிப்பெட்டியில் இறால் கொண்டுவந்து
டிரெய்லர் படியில் எனக்கொரு பை வைத்துவிட்டுப் போவார்.
தட்டக்கூட மாட்டார்.

அன்று அந்த வரியின் நடுவே
ஆறு கரும்புள்ளிகள்.
வாயு சிக்கிய துளைகள்,
மிளகு சிந்தியதுபோல்.
படத்தைத் திருப்பிப் போட்டேன்.
விளக்கை அணைத்துப் போட்டேன்.
ஆறுதான்.

தள்ளுபடி என்று எழுதிவிட்டு
இரவெல்லாம் படுக்கையில் வசனம் பழகினேன்.
மேலாளர் வார்டெல் மிரட்டுவார்.
காலக்கெடு என்பார், மேலிடம் என்பார்.
அப்போது நான், ஐயா, என் கையெழுத்து விற்பனைக்கு இல்லை
என்று சொல்வேன்.
கண்ணாடி முன்னால்கூட ஒருமுறை சொன்னேன்.

வார்டெல் படத்தை வாங்கிப் பார்த்தார்.
டோனட் சர்க்கரையை விரலிலிருந்து துடைத்துக்கொண்டார்.
"நல்ல கண், டெல்ஃபீன்.
வெட்டி எடுத்து மறுபடி போடச் சொல்.
இது விலை பேசிய குத்தகை இல்லையே.
ஆனதும் தருவார்கள்,
அதன்மேல் எட்டு விழுக்காடும் தருவார்கள்."

வாய்வரை வந்த வசனத்தை
எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்று நாள் வேலை நீண்டது.
பதினோரு பேருக்கு ஓவர்டைம்.
என் துணிச்சல்
விலைப்பட்டியலில் நாற்பதாவது வரியோ
நாற்பத்தொன்றாவது வரியோ.
க்ளோவிஸை மட்டும் வாயிலில் நிறுத்தி
அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.
மாதத்தில் இது அவருக்கு இரண்டாவதாம்.
முதலாவதைத் தள்ளியதும் நான்தானாம்.
அது எனக்கு நினைவில்லை.

அந்தப் புள்ளிகள் கசிந்திருக்கும்.
கசிந்தால் ஏரிக்குத்தான் போயிருக்கும்.
ஏரியில்தான் அந்த இறால்.
இப்படியெல்லாம் சரியாகத்தான் யோசிக்கிறேன்,
காரோட்டும்போது.

திங்கட்கிழமை
படியோரம் ஏதோ நாறியது.
அவருடைய பனிப்பெட்டி.
வெயிலில் மூன்று நாள்.
உள்ளே, முடிச்சுப் போட்ட பையில்,
என் பங்கு.

கேட்பாரற்ற பொருளை அகற்ற
ஒரு படிவம் உண்டு, நான்கு பிரதி.
நேரத்தையும் எழுத வேண்டும், எதையும் விடக்கூடாது
என்றார் அலுவலகப் பெண்.

அரைமணி என்று எழுதினேன்.