சிக்னல் பாறை

ஏறி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி
இந்த உச்சிக்கு என்ன பேர்.
வரைபடத்தில் ஒரு எண்தான் இருக்கிறது.
முகாமில் நாங்கள் மூவர்,
நான், சிக்கமாதன், இருமிக்கொண்டே இருக்கும் வயர்லெஸ்,
இதைச் சிக்னல் பாறை என்போம்.
சொன்னால் அவர்கள் முகம் லேசாக வாடும்.
ஒரு சாமி பேரோ ராணி பேரோ
எதிர்பார்த்திருப்பார்கள், பாவம்,
பெட்டமுகிலாளத்திலிருந்து
மூன்று மணிநேரம் மூச்சு வாங்கி வந்தவர்கள்.

பாறையின் வலது மூலையில்
கழுகு எச்சமிட்ட வெள்ளைக் கோட்டின் மேல்
இடது காலை ஊன்றி
மாரண்டஅள்ளிப் பக்கம் முகத்தைத் திருப்பினால்
போனில் ஒரு கோடு வரும்.
ஒன்றரை என்பான் சிக்கமாதன்.
அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான்.

மாலை ஆறு மணி.
ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
முனிலட்சுமி கணக்கு முடித்திருப்பாள்.
கூடை என்ன விலை.
சின்னவனுக்குச் சளி.
சம்பளம் ஏறிச்சா.
ரெண்டு மாசமா இல்லை.
ம்.
அந்த 'ம்'முக்காக
உண்ணிச்செடி கிழிக்கக் கிழிக்க
தினமும் ஏறுகிறேன்.

சூரியன் என் முதுகுக்குப் பின்னால் விழும்.
மூன்று வருசத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.
சட்டையில் சூடு குறைந்தால்
பேச்சை முடித்து இறங்க வேண்டும்,
இருட்டு ஈச்சம்புதருக்குள்
என்னைவிட முன்னால் போய் நிற்கும்.

தை மாசம் ஆறு பேர்
அனுமதிக் கடிதத்தோடு வந்தார்கள்.
அதில் ஒருவர் சேலத்துப் பல் டாக்டர், அஃப்ரீன்.
நான் சிரித்ததைப் பார்த்து
அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்தாகணும் என்றார்.
பிறகு, இங்கேயே இருப்பது எப்படி இருக்கும்
என்று கேட்டார்.
பதினைந்தாம் தேதிக்கு அரிசி தீர்ந்துவிடும்,
அப்புறம் களிதான் என்றேன்.
அவர் கேட்டது அதுவல்ல என்று
எனக்கும் தெரியும்.

லத்தியில் கை வைத்தால்
எத்தனை நாழிகைக்கு முந்தியது என்று சொல்வேன்.
சின்னவனுக்கு எத்தனை நாளாய்க் காய்ச்சல்
என்பதைச்
சளி என்று அவள் குறைத்துச் சொன்ன பிறகு
நானாகக் கணக்குப் போட வேண்டும்.
இதை எப்படி
ஷூவில் புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருப்பவரிடம்
சொல்வது.

ஆறு மணிக்கு நான் கோட்டின் மேல் நின்றேன்.
அவர்கள் எதிரே பாறையில் உட்கார்ந்து
அஸ்தமனத்தைப் பார்த்தார்கள்,
அதாவது என்னையும்.
டாக்டர் ஒரு படம் எடுத்தார்.
அனுப்பறேன் என்றார்.

வந்தது. வட்டம் சுற்றிக்கொண்டே
மூன்று சாயங்காலம் வந்தது.
திறந்தால்,
கறுப்பாக ஒரு ஆள், கை காதில்.
அவனுக்குப் பின்னால் வானம்
விலை விழுந்த நாளில் ரோட்டோரம் கொட்டிக்கிடக்கும்
தக்காளி நிறத்தில்.
இடது முழங்கைக்குக் கீழே, வெகு கீழே,
காய்ந்த ஓடை மணலில்
எறும்பு போல நான்கு புள்ளிகள்.
விரலால் பெரிதாக்கினேன்.
மூன்று பெரியது.
ஒன்று கால்களுக்கு நடுவில்.

குறிப்பேட்டைப் புரட்டினேன்.
அந்தத் தேதி, என் கையெழுத்து:
பாதை – சிக்னல் பாறை.
நேரடிக் காட்சி – இல்லை.

இப்பவாவது திருத்திடு,
ஆறு யானைன்னு எழுது என்றான் சிக்கமாதன்.
பேனாவை எடுத்தேன். வைத்தேன்.
ரேஞ்சர் கேட்டால்
அப்போது எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்பார்.
மாரண்டஅள்ளியை என்று சொல்ல முடியுமா.

மறுநாள் பேச்சுக்கு நடுவில்
இரு என்றேன் அவளிடம்,
திரும்பினேன்.
லைன் அறுந்தது.
ஓடையில் வெறும் மணல்.
மலைக்கு மேலே ஒரு விரற்கடை மிச்சமிருந்தது.
அது போகிறவரைக்கும்
போனைக் காதிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை.

பிறகு கோட்டில் காலை வைத்து
மறுபடி கூப்பிட்டேன்.
என்னாச்சு, யானையா?
இல்லை.
அப்புறம்?
சும்மா திரும்பினேன்.

ம் என்றாள்.
கூடை எண்பதுக்கு இறங்கிவிட்டது என்றாள்.