நான்கு நாற்காலி

ஒப்பந்தத்தில் நான்கு பேர்.
தாலின் துறையில் கயிற்றை அவிழ்த்தபோது
ஏழாம் தளத்து நடனக்கூடத்து மேடையில்
உர்மாஸும் நானும்.

கிதார்காரன் போன வாரமே ரீகாவுக்குப் போய்விட்டான்,
குளியலறைக்கு ஓடு பதிக்கிற வேலை, கூலி அதிகம்.
அக்கார்டியன் கைடோ
அடையாள அட்டை வேறு கோட்டில் இருக்கிறதென்று
துறைமுக வாசலிலிருந்து போன் செய்தான்.
ரெய்ன் ஏறினான். டிரம்ஸையும் ஏற்றினான்.
வெளிக்கடல் ஒருமுறை புரண்டதும்
கீழ்த்தளத்து அறையில் ஒரு வாளியைக்
கட்டிக்கொண்டு படுத்துவிட்டான்.

உர்மாஸ் பாடுவான். பாட மட்டும்தான் செய்வான்.
கையில் ஒரு கிலுகிலுப்பையைக் கொடுத்துவிட்டால்
இரண்டாம் வரியில் சொல் மறந்துபோகும்.

ஆக, என் பேஸ்.
என்னைவிட ஒரு சாண் உயரம்,
நான்கு கம்பி.
ஆளுக்கொன்று என்று கணக்குப் போட்டேன்.

வால்ட்ஸுக்கு
ஒன்று, கம்பியில்.
இரண்டு மூன்று, உள்ளங்கையால் அதன் விலாவில்.
அது ரெய்ன்.
வில்லெடுத்து மேல்கழுத்தில்
இரண்டு கம்பியை ஒருசேர இழுத்தால் கைடோ,
சளி பிடித்த கைடோ.
கிதாருக்கு நான் எதுவும் செய்யவில்லை.
அவன் நுழைகிற இடத்தில் நுழையாமல் இருந்தேன்.
ஆடுகிறவர்கள் அதைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள்.

சிக்கல் வேறு இடத்தில்.
நான் மேலே ஏறும்போதெல்லாம்
கீழே யாருமில்லை.
வெல்டர் சங்கத்துச் சுற்றுலாவில் வந்தவர்,
பழுப்பு சூட்,
அதுவரை ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தவர்
என் வில் மேலேறிய அந்த இரண்டு அடிக்குள்
மனைவியின் காலை மிதித்தார்.
மறுபடி ஏறினேன். மறுபடி மிதித்தார்.
அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் இடுப்பில் அது தெரிந்தது.
தரையில் ஊன்றிய பேஸின் இரும்புக்கால் வழியாக
எழுந்து வந்து, மரத்தில் பரவி,
என் இடது எலும்பில் வந்து நின்றது.
என்ஜின்.
சாயங்காலத்திலிருந்து ஒரே சுரம்,
மூச்சு விடாமல், மேடைக்கு நேர் கீழே.
என் கம்பிக்கு ஒரு மயிரிழை தாழ்வாக.

கைதட்டல் முடிவதற்குள்
நான்கு பிருடையையும் தளர்த்தினேன்.
உர்மாஸ் திரும்பிப் பார்த்தான்,
பிறகு தானறியாமல் இறங்கி வந்தான்.

அதற்குப் பிறகு நான் எங்கு வேண்டுமானாலும் போனேன்.
அக்கார்டியனாக மூன்று சுற்று,
டிரம்ஸாக ஒரு போல்கா,
கிதார் வராத இடத்தில் கிதாராகக்கூட.
அது கீழே நின்றுகொண்டிருந்தது,
பதினாறு சிலிண்டர், சம்பளமில்லாமல்.

பதினொன்றரைக்கு எங்கோ பனிக்கட்டி.
கப்பல் வேகம் குறைத்தது.
சுரம் சரிந்தது,
கூடவே நான் சரிந்தேன், உர்மாஸ் சரிந்தான்,
ஒரு முழு வால்ட்ஸும் படியிறங்குகிற மாதிரி இறங்கியது.
பழுப்பு சூட் மனைவியைச் சாய்த்துப் பிடித்துச்
சுற்றினார்.
அதையும் பாட்டின் பகுதி என்று நினைத்திருக்க வேண்டும்.

கணக்குப் பார்க்கிற மைரே
வாசலில் நின்று மேடையைப் பார்த்து எண்ணினாள்.
இரண்டு.
காலி நாற்காலிகளையும் பார்த்தாள்.
கண்ணை மூடிக் கொஞ்சம் கேட்டாள்.
காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போனாள்.
காலையில் உறையைப் பிரித்தால்
இரண்டரை ஆளுக்குக் காசு.
அந்த அரை யார் என்று கேட்கவில்லை.

ஸ்டாக்ஹோமில் என்ஜினை நிறுத்தினார்கள்.
காப்பிக் கோப்பைகள் நடுங்குவதை விட்டன.
ரெய்ன் வெளுத்த முகத்தோடு ஏறி வந்தான்.
"ராத்திரி யார் அடித்தது? கீழே வரை கேட்டது."
உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.
இன்னும் சிவப்பாக இருந்தது.

உறைக்குள் போகவிருந்த பேஸின்
தடித்த கம்பியை அவன் சும்மா சுண்டினான்.
அவனுக்கும் காது உண்டு.
"சுருதி இறங்கியிருக்கே, சிர்யே."

ஆமாம் என்றேன்.
பிருடையைத் தொடவில்லை.
ஐந்தரைக்கு இதே கப்பல் திரும்புகிறது.