மூன்றாம் லேன்

நான் ஆடுகிறவள் இல்லை, கணக்கு எழுதுகிறவள்.
கோல்டர் ஏரியில், சுரங்கச் சாலையின் கடைசிக் கட்டடம்.
ஆறு லேன், ஒரு காப்பி இயந்திரம்,
காதில் செருகிய பென்சில்.

எங்கள் ஊர் பௌலிங்கில் ஐந்தே கட்டைகள்தாம்.
பந்து உள்ளங்கைக்குள் அடங்கும்.
முதல் வீச்சிலேயே ஐந்தும் சாய்ந்தால்
தலைக்கு மேலே சிவப்பாய் எரியும் அந்தச் சொல்:
ஸ்ட்ரைக்.
பிள்ளைகள் துள்ளுவார்கள்.
நான் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி போடுவேன்.

செப்டம்பரில் அந்தச் சொல் கட்சி மாறியது.
நிக்கல் சுரங்க வாசலில், எண்ணெய்ப் பீப்பாயில் விறகு எரிய,
என் ரெய்னோவும் எழுநூறு பேரும்
அதை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
நடந்தார்கள், நடந்தார்கள்,
எங்கும் போய்ச் சேராமல்.
வாக்குச் சீட்டில் அவர்கள் போட்டதும்
பெருக்கல் குறிதான்.

கம்பெனியின் வழவழப்பான கையேட்டில் வேறு கதை.
காணாமல்போன கோவேறு கழுதையைத் தேடிப் போன கோல்டர்
தடுக்கி விழுந்த பாறையில் உலோகம் மின்னியதாம்.
பக்கம் மூன்று, தடித்த எழுத்து:
ஸ்ட்ரைக்.
"விழுந்தவனுக்கு ஊர், தோண்டினவனுக்கு இருமல்,"
என்பான் ஒரெஸ்ட்.
பாறை வரைபடம் படிக்கத் தெரிந்தவன் அவன்.
பூமிக்கடியில் தாதுப்படுகை நீளும் திசைக்கும்
இதே பெயர்தான் என்று சொல்லி
மேசையைத் தட்டிச் சிரிப்பான்:
"நமக்கு முன்னாலேயே கல் இறங்கிவிட்டது போராட்டத்தில்!"

நவம்பரில் பெர்த்தோலி அம்மாள்
கடனேட்டில் எங்கள் பெயரை அடித்தாள்,
முகத்தைப் பார்க்காமல்.
புனித ஆன் கோவில் மணி
அடுப்பில் என்ன இருக்கிறதென்று கேட்காமல்
பன்னிரண்டு அடித்தது.

டிசம்பரில் மார்செல் உள்ளே போனான்.
ஜன்னலில் கம்பிவலை போட்ட பேருந்தில், தலையைக் குனிந்து.
நான்கு பிள்ளைகள், வங்கியில் வீடு.
யாருக்குத் தெரியாது?
இருந்தும் சங்கத்தின் பேரேட்டில்
அவன் பெயர் மேல் ஒரு கோடு,
பின் குறுக்கே இன்னொன்று.

நூற்று அறுபதாம் நாள், புதன் இரவு.
போராடுகிறவர்களுக்கு லேன் இலவசம்.
கதவு திறந்தது. குளிரோடு மார்செல்.
மூன்றாம் லேனுக்குக் காசை எண்ணி வைத்தான்.
அன்று காசு கொடுத்து ஆடியவன்
அவன் ஒருவன்தான்.

ஒரே பந்து.
ஐந்தும் விழுந்தன.

சிவப்பு விளக்கு அவன் நெற்றியில், மூக்கில்,
சவரம் செய்யாத தாடையில்.
தலைக்கு மேலே அந்தச் சொல் விட்டு விட்டு எரிந்தது.
காப்பி இயந்திரம்கூட மூச்சுப் பிடித்தது மாதிரி இருந்தது.

"கடைசியில் வந்துட்டியே, மார்செல்,"
என்றான் ஒரெஸ்ட்.

சிரிக்கலாமா என்று யாருக்கும் தெரியவில்லை.
ரெய்னோ சிரித்தான், சிரிப்பு இருமலாகி நின்றது.
மார்செலின் உதட்டுக்கு ஏதோ வரப் பார்த்தது,
வந்து சேரவில்லை.
ஆட்டச் செருப்பைக் கழற்றி மேசைமேல் ஜோடியாக வைத்தான்.
பூட்ஸின் கயிறு கட்டாமல் வெளியே போனான்.
ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.
ஒரு குச்சியை உரசினான், அணைந்தது.
இன்னொன்று, அணைந்தது.
மூன்றாவதில் கொஞ்சம் மஞ்சள், ஒரு முகம்.
பிறகு கார்.

விதி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்:
குறி போட்டவுடன் கீழே எண் எழுதக் கூடாது.
அடுத்த இரண்டு பந்துகள் உருண்டால்தான்
முதல் பந்து எவ்வளவு பெறும் என்று தெரியும்.

மார்ச்சில் ஒப்பந்தம். மணிக்கு முப்பத்தொரு சென்ட் கூடுதல்.
அதற்கும் செய்தித்தாளில்
அதே சொல்லைத்தான் போட்டிருந்தார்கள்.
மார்செல் வீட்டு வாசலில் அதற்குள் பனி,
காலடி இல்லாத பனி.
திம்மின்ஸ் என்றார்கள், இல்லை, கியூபெக் என்றார்கள்.

அன்றைய தாள் என் இழுப்பறையில் இருக்கிறது.
மூன்றாம் லேன், முதல் கட்டம்.
பென்சில் குறி இன்னும் மங்கவில்லை.
அதன் கீழே
எதுவும் எழுதவில்லை.