கையைக் கடிக்காத எண்

செயின்ட் லூயிஸுக்குக் கிழக்கே, லாரிகள் உறங்கும் திடலில்
காலை ஆறு பத்து.
லாரி என்னுடையது. பதினெட்டுச் சக்கரமும் என்னுடையவை.
வங்கி அதை ஒத்துக்கொள்ள இன்னும் ஐம்பத்தேழு தவணை.

எட்டு வருடம் அடுத்தவர் வண்டி ஓட்டினேன்.
எங்கே ஏற்று, எங்கே இறக்கு என்பார்கள்.
எவ்வளவுக்கு என்று நான் கேட்டதில்லை;
ஸ்டியரிங்கிடம் யார் விலை சொல்வார்கள்?

இப்போது சட்டனூகாவிலிருந்து ஒரு குரல், கார்லண்ட் என்று பெயர்.
"செனாடா" என்கிறான்.
செனாதா என்று திருத்தவில்லை.
திருத்த இன்றைக்கு வேறு ஒன்று இருக்கிறது.

நாற்பத்திரண்டாயிரம் பவுண்டு நாய் உணவு.
ஃபுளோரிடா, லேக்லாண்ட். ஆயிரம் மைல்.
ஆயிரத்து அறுநூற்றைம்பது டாலர் என்கிறான்,
பிறந்தநாள் பரிசை நீட்டுகிற குரலில்.

மைலுக்கு ஒன்று அறுபத்தைந்து.
என் நோட்டின் முதல் பக்கத்தில் செலவு ஒன்று இருபத்தேழு:
தவணை, காப்பீடு, டீசல், டயர், இழுவைப்பெட்டி வாடகை.
முப்பத்தெட்டுக் காசு லாபம் என்று
நாக்கு நுனிவரை வந்து நின்றது ஒரு சரி.

போன மாதம் சொல்லியும் இருக்கிறேன்.
ஃபுளோரிடா வந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும்,
ஆரஞ்சு முடிந்துவிட்டால் திருப்பித் தர அதனிடம் ஒன்றுமில்லை.
ஜார்ஜியாவுக்குள் நுழையும்வரை இருநூற்று அறுபது மைல்
காலிப்பெட்டி முதுகில் தடதடக்க வந்தேன்.
காலிக்கும் டீசல் குடிக்கத் தெரியும்.

ஆயிரத்து இருநூற்று அறுபதால் வகுத்தேன்.
ஒன்று முப்பத்தொன்று.
மிச்சம் மைலுக்கு நான்கு காசு;
மூன்று நாளுக்கு ஐம்பது டாலர்.

அப்போதுதான் பார்த்தேன்,
அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் கூலி எழுதியிருக்கிறேன்,
டயருக்குக்கூட.
ஓட்டுகிறவளுக்கு ஒரு வரி இல்லை.
அடிக்கோட்டுக்கு மேலே இடுக்கி எழுதினேன்:
செனாதா, ஐம்பத்தைந்து காசு.

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணமாம்.
இங்கே சுமைகூலிதான் சுண்டைக்காய்.

"இரண்டாயிரத்து நானூறு" என்றேன்.
சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
மலைச்சரிவில் நாற்பது டன்னைப் பிடித்து இறக்கியிருக்கிறேன்,
இது அதைவிடக் கடினம்.
ஏனென்றால், ஏனென்றால் என்று உள்ளே துடித்தது:
புது வண்டி, பையனின் பல் கம்பி, டீசல் விற்கிற விலை.
அழுத பிள்ளைக்குப் பால் கிடைக்கலாம்;
தரகனிடம் அழுதால் கண்ணீருக்கும் கழிவு பிடிப்பான்.
பக்கத்து வண்டியின் குளிர்ப்பெட்டி
உறுமி, அடங்கி, மறுபடி உறுமியது.

ஆயிரத்து எழுநூற்றைம்பது.

ஆயிரத்துத் தொள்ளாயிரம். "இதற்குமேல் என் கையைக் கடிக்கும்."

"எத்தனை மணிக்குள் ஏற்ற வேண்டும்?" இதை மட்டும் கேட்டேன்.
"பத்துக்குள். நேற்றே போயிருக்க வேண்டியது."
சொன்ன பிறகுதான் அது அவன் காதிலேயே விழுந்தது.

நேற்று.
அந்த ஒரு சொல்லைக் கடப்பாரையாக வைத்து
முந்நூற்றைம்பது டாலரை நெம்பினேன்.
இரண்டாயிரத்து இருநூற்றைம்பது.
இறக்குமிடத்தில் காக்கவைத்தால், இரண்டு மணிக்கு மேல்
ஒவ்வொரு மணிக்கும் ஐம்பது.
எழுத்தில் அனுப்பு, அதுவரை கியர் விழாது.

இருந்தும் மைலுக்கு மூன்றரைக் காசு குறை.
அதைச் செனாதாவின் வரியில் பிடித்துக்கொண்டேன்.
முதலாளி கண்டிப்பானவள், என்ன செய்ய.

கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒடெல்
மூட்டை அடுக்கை உள்ளே தள்ளியபடி கேட்டார், எவ்வளவுக்கு என்று.
சொன்னேன்.
அவர் சிரிக்கவில்லை; பல்குச்சியை
இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றினார்.
"போன வாரம் இதே சரக்கு, இதே ஊர்.
ஒருத்தன் இரண்டாயிரத்து எழுநூறுக்குக் கொண்டுபோனான்."

கதவைச் சாத்தி முத்திரை போட்டேன்.
நோட்டில் ஒரு புதுப் பக்கம். தலைப்பு: கார்லண்ட்.
அதன்கீழ் 2700.
அதன்கீழ், வியாழன் கூப்பிடு;
விடிந்ததும் அல்ல,
அவனுக்குப் பத்து மணி நெருங்கும்போது.